சர்க்கரை என்று ஒரு சீட்டு

பாத மருத்துவத்துக்கு வந்திருக்கிறீர்கள். வீட்டில் யாராவது முகம் சுளித்திருப்பார்கள். நான் வந்தபோது என் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "அம்புட்டுப் படிச்சுட்டுக் கடைசியில ஊரான் காலைப் பிடிக்கவா போற?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன்.

புண்ணை எப்படிச் சுத்தம் செய்வது, காய்ப்பை எவ்வளவு சீவுவது, எந்த எலும்பை விட்டுவைக்கலாம் என்பதையெல்லாம் சொல்லித்தர இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பெண்ணைப் பற்றி. அவள் விஷயத்தில் நான் செய்த ஒவ்வொன்றும் மருத்துவப் புத்தகப்படி சரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கேட்டு முடித்ததும் என்னைச் சமாதானப்படுத்த நீங்களும் அதையேதான் சொல்வீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், திண்டுக்கல்லில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் கால் புண்ணுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. அறுவைசிகிச்சைப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவள் நான் என்பதால், நாற்றமெடுக்கும் கால்களையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். ஜனங்கள் அதைப் 'புண்ணு ரூம்' என்றார்கள். என்னைப் 'புண்ணு டாக்டரம்மா' என்றார்கள். தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்று விரலிடுக்கு வெந்தவர்கள் வந்தார்கள். பூக்காட்டில் முள் ஏறி, அதை ஊக்கால் கிண்டிப் பழுக்க வைத்துக்கொண்டவர்கள் வந்தார்கள். தை மாதமானால் பழனிக்கு வெறுங்காலோடு நடந்து உள்ளங்கால் உரிந்தவர்கள். வருடம் முழுக்கச் சர்க்கரைக்காரர்கள். காலைத் தொட்டால் போதும், "ஐயோ, நீங்க போயி எங்காலைத் தொடுறதா" என்று பாதி பேர் இழுத்துக்கொள்வார்கள். புண்ணைவிட அந்தக் கூச்சத்தோடு மல்லுக்கட்டுவதுதான் பெரிய வேலை.

எனக்கு உதவிக்கு சவரியப்பன் என்று ஒரு டிரஸ்ஸர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கட்டுப் போடுவதில் கைகாரர். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் நான் கேட்டுக்கொண்டதில்லை.

பாக்கியம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முப்பத்தைந்து வயதிருக்கும். வரிசையில் முன்னால் இருந்தும், பின்னால் நின்றவர்களை "நீங்க போங்க, நீங்க போங்க" என்று உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக நுழைந்தாள். வந்த பிறகும் சேலைக் கரையால் பாதத்தை மூடியபடியே நின்றாள். சவரியப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தார். ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வலது பாதத்தில், பெருவிரலுக்கு அடியில் புண். ஓரமெல்லாம் கருகியிருந்தது. எப்படி ஆனது என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறேன்மா. அடுப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். கறி கருகுற மாதிரி ஒரு வாசம். சத்துணவுல ஏது கறின்னு சட்டியத் தொறந்து தொறந்து பாக்குறேன். பெறகு குனிஞ்சு பாத்தா, நெருப்புக் கங்க மிதிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சுத் திரியால் பாதத்தை அங்கங்கே தொட்டேன். தொட்டால் சொல்லு என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நான் பத்து இடத்தில் தொட்டு முடித்த பிறகும், "இன்னும் தொடலியாம்மா?" என்றாள்.

நான் கேட்கும் முன்பே அவளே சொன்னாள். மகள் பிறந்து இரண்டு வருடம் கழித்து முழங்கையில் தேமல் மாதிரி ஒன்று வந்தது. கிள்ளினால் வலிக்கவில்லை. அவள் புருஷன் முருகேசன் விஷயத்தைப் புரிந்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் வேறொரு ஊருக்கு மாதாமாதம் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். தொழுநோய். மருந்தை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டாள். நோய் முழுவதும் போய்விட்டது. ஆனால் செத்த நரம்பு செத்ததுதான். பாதங்களுக்கு உணர்ச்சி திரும்பவில்லை. இது அவளுக்கும் முருகேசனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மாமியாருக்குத் தெரியாது, மகள் செல்விக்குத் தெரியாது, சாணார்பட்டிப் பக்கத்தில் அவர்கள் இருந்த கிராமத்தில் ஒரு ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

"இப்ப மூணாவதா உங்களுக்குத் தெரியும்மா" என்றாள்.

புண்ணில் பாரம் விழாமல் இருக்க மாவுக்கட்டுப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் வழுக்கி விழுந்து எலும்பில் விரிசல் விட்டுப்போயிற்று என்று ஊரில் சொல்லிக்கொண்டாள். ஆறு வாரத்தில் புண் ஆறிவிட்டது. அதுவரை எல்லாம் நல்லபடியாகத்தான் போனது.

அடுத்தது செருப்பு. உணர்ச்சியில்லாத பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு இல்லாவிட்டால் புண் திரும்ப வரும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்தது ஒரே மாதிரிச் செருப்பு. கனத்த கறுப்பு ரப்பர், அகலமான இரண்டு வார், பின்னால் ஒரு பக்கிள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அதை யார் போடுவார்கள் என்பது ஊருக்கெல்லாம் தெரியும்.

எடுத்து மேசை மேல் வைத்தேன். பாக்கியம் அதைத் தொடவில்லை.

"டாக்டரம்மா, இந்தச் செருப்புப் போட்டவுக பக்கத்துல பஸ்ஸுல யாரும் உக்கார மாட்டாக. நானே உக்காந்ததில்ல."

"உனக்குக் கால் வேணுமா, ஊர் மெச்சணுமா?" என்றேன். அது நான் பலரிடம் சொல்லிப் பழகிய வசனம். சொன்னதும் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்வார்கள். அவளும் மூடிக்கொண்டாள். செருப்பை மஞ்சள் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போனதும் சவரியப்பன் தயங்கித் தயங்கிப் பேசினார். "அம்மா, ஒரு யோசனை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செருப்புத் தைக்கிறவரு ஒருத்தர் இருக்காரு. இந்த ரப்பர மட்டும் கத்தரிச்சுக் குடுத்தா, சாதாரண லேடீஸ் செருப்புக்குள்ள வச்சுத் தச்சுத் தருவாரு. வெளியில தெரியாது."

"அளவு தப்பிப்போய்ப் புண்ணு வந்தா யார் பொறுப்பு? நீங்களா, அவரா?"

"சரிங்கம்மா" என்று கட்டுத்துணி மடிக்கப் போய்விட்டார். ஒரு மனிதர் எத்தனை வருடம் யோசித்து வைத்திருந்தாரோ, அதை ஒரே கேள்வியில் முடித்துவிட்டேன். அன்றைக்கு வெளியே இன்னும் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். நமக்கு எப்போதும் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். உங்களுக்கும் இருப்பார்கள். அதைக் காரணமாகச் சொல்லிப் பழகாதீர்கள்.

மூன்று மாதத்தில் அதே இடத்தில் புண்ணோடு வந்தாள். செருப்பு வீட்டுப் பரணில் இருந்தது. திட்டினேன். மறுபடி மாவுக்கட்டு. மறுபடி ஆறி, மறுபடி வந்தது. இந்த முறை புண் எலும்பைத் தொடும் தூரத்தில் இருந்தது. நான் பயந்துபோனேன் என்பதுதான் உண்மை. ஆனால் பயத்தைக் கோபமாக மாற்றிக் காட்டுவது நம் தொழிலில் எல்லோருக்கும் கைவந்த கலை. அவளை வார்டுக்குக் கூட்டிப்போய், முந்தின நாள் கால் எடுத்த ஒருவரின் படுக்கை முன்னால் நிறுத்தினேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. "பார்த்துக்க" என்றேன். படுத்திருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரிடம் நான் அனுமதி கேட்கவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

முருகேசனையும் வரச் சொன்னேன். காய்கறி லாரியில் லோடு ஏற்றுகிற வேலை. தோளில் மூட்டைத் தழும்போடு வந்து நின்றார்.

"உங்க சம்சாரம் செருப்புப் போடலேன்னா இந்தக் கால் தங்காது. போடாம வந்தா இனி நான் பார்க்க மாட்டேன்."

அவர் பாக்கியத்தைப் பார்த்து, "போட்டுக்க புள்ள. நடக்குறது நடக்கட்டும்" என்றார்.

புண் ஆறியதும் அவள் என் முன்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து போனாள். அடுப்படியில்கூடக் கழற்றக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். ஜன்னல் வழியாக அவள் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். பாதம் அருமையாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. நான் சந்தோஷமாகப் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, மேலே அவள் அழுதுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்க எனக்குச் சற்று நேரம் ஆனது.

நடந்தது இதுதான். டவுனில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர், தன் பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்குப் போனவர், சமையல்கட்டு வாசலில் நின்ற பாக்கியத்தின் காலில் அந்தச் செருப்பைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் அவருடைய பிள்ளைகள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார்கள். அடுத்த வாரம் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர். பாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டு, "என்ன ஏதுன்னு நான் கேக்கல. சர்க்கரையால வந்த கால் புண்ணு, அதுக்குத்தான் இந்தச் செருப்புன்னு ஒரு டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. அதைக் காட்டி நான் பேசிக்கிர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"சர்க்கரைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா" என்றாள் பாக்கியம். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அவ உங்க பேச்சக் கேட்டுத்தேன் அதப் போட்டா" என்றார் முருகேசன். குற்றம் சொல்கிற தொனி அதில் இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன்.

உள்ளே ஆப்பரேஷன் தியேட்டரில் ஒரு கால் எனக்காகக் காத்திருந்தது. இரண்டு நிமிஷத்துக்குள் முடிவெடுத்தேன். இத்தனை வருடத்தில் நான் இரண்டு நிமிஷத்தில் எடுத்த முடிவுகளால் பிழைத்தவர்கள் நிறைய. அந்தப் பழக்கம்தான் அன்று என்னைக் கெடுத்தது. ரத்தம் கொட்டுகிற இடத்தில் இரண்டு நிமிஷம் போதும். அவள் கேட்டது அந்த மாதிரி விஷயம் இல்லை. ஒரு நாள் கழித்துப் பதில் சொல்லியிருந்தால் யாரும் செத்திருக்க மாட்டார்கள்.

"பொய் எழுத மாட்டேன், பாக்கியம். நீ என்ன திருடியா ஒளிஞ்சு வாழறதுக்கு? நோய் குணமான ஆள் நீ. மறைக்க மறைக்கத்தான் ஜனங்களுக்குப் பயம் ஜாஸ்தியாகும். நானே வந்து பேசுறேன்."

"வேணாம்மா" என்றாள்.

"பயப்படாதே. நான் பார்த்துக்கறேன்."

"வேணாம்மா" என்று இன்னொரு தடவை சொன்னாள். இரண்டாவதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் மருத்துவமனை ஜீப்பில் போனேன். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பத்திரிகை நிருபரையும் வரச் சொல்லியிருந்தேன். நல்ல செய்தி நாலு பேருக்குப் போய்ச் சேரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் செய்தியில் நானும் இருப்பேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கேமராவோடு அவர் இறங்கியதைப் பார்த்ததும் தலைமையாசிரியரின் முகம் மாறியது. மாறியதைப் பார்த்தேன். பார்த்தும் உள்ளே போனேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் பெற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அரை மணி நேரம் பேசினேன். நோயின் பெயரைச் சொன்னேன். அது கிருமியால் வருவது, மருந்துண்டு, பாக்கியம் அந்த மருந்தை முழுசாகச் சாப்பிட்டுக் குணமாகிவிட்டாள், அவளால் யாருக்கும் ஒட்டாது என்றெல்லாம் விளக்கினேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. சுவரோரம் நின்ற பாக்கியத்தைக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. நானே போய்க் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் வடித்த சோற்றை வாங்கி, சாம்பார் ஊற்றி, எல்லோருக்கும் முன்னால் சாப்பிட்டேன். நிருபர் படம் எடுத்தார். பாக்கியத்தின் கை என் கைக்குள் ஈரமாக இருந்தது. அவள் ஒரு தடவைகூட என்னைப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. "நல்லாச் சொன்னீக டாக்டரம்மா" என்றார்கள். ஜீப்பில் ஏறும்போது, இடுப்பில் பிள்ளையோடு ஓர் அம்மா கிட்டே வந்தார்.

"இம்புட்டு நாளா எங்களுக்குச் சந்தேகந்தேன் இருந்துச்சு. நல்லவேளை, நீங்களே வந்து வெளக்கமாச் சொல்லிட்டீக."

நன்றி சொல்கிறார் என்று நினைத்துக் கையைக் கூப்பினேன். வழியெல்லாம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். அதை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

திங்கட்கிழமை அவள் வடித்த சோற்றை ஒரு பிள்ளையும் தொடவில்லை.

புதன்கிழமை பத்திரிகையில் படம் வந்தது. நான் சாப்பிடுகிறேன், பக்கத்தில் பாக்கியம், முகம் பளிச்சென்று தெரிய. கீழே அவள் பெயர், ஊர், நோய். மருத்துவமனையில் என்னைப் பாராட்டினார்கள். படத்தைக் கத்தரித்து அறைச் சுவரில் ஒட்டினேன். மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, சவரியப்பன் கட்டுத்துணி அலமாரியை நகர்த்தி அந்தச் சுவரோரம் வைத்திருந்தார். படம் பாதிக்குமேல் மறைந்துவிட்டது. இடம் பத்தாமல் வைத்தார் என்று எண்ணிக்கொண்டேன். அவரோடு எத்தனையோ வருடம் வேலை பார்த்தும் அவரை நான் அறிந்த லட்சணம் அதுதான்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பாக்கியத்தை விடுப்பில் இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். திரும்ப எடுப்பார்களா என்றேன். அவர் ஊரில் நடப்பதைச் சொன்னார். கடையில் அவளுக்குச் சாமானைக் கையில் கொடுக்காமல் தரையில் வைக்கிறார்களாம். குழாயடியில் எல்லோரும் பிடித்த பிறகு வரச் சொல்கிறார்களாம். செல்வி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் அவளோடு சேர்ந்து உட்கார ஆளில்லை. பத்திரிகைப் படத்தை யாரோ வகுப்புக் கரும்பலகையில் ஒட்டியிருந்தார்களாம். அன்றோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

"நான் கேட்டது ஒரு சீட்டும்மா. நீங்க கூட்டம் போட்டுட்டீங்க" என்றார். போய்விட்டார்.

அந்த மாதக் கடைசியில் பாக்கியம் வந்தாள். வரிசையில் நிற்கவில்லை, நேரே உள்ளே வந்தாள். காலில் சாதாரண ஹவாய் செருப்பு. பையிலிருந்து அந்தக் கறுப்புச் செருப்பை எடுத்து என் மேசையில் வைத்தாள். மண் இல்லாமல் துடைத்திருந்தாள்.

"நாங்க திருப்பூர் போறோம்மா. பனியன் கம்பெனியில செல்விக்கு வேலை சொல்லியிருக்காக. இது வேற யாருக்காச்சும் ஆகும்."

"இதைப் போடலேன்னா கால் போயிரும் பாக்கியம்."

"போகட்டும்மா" என்றாள்.

திட்டியிருந்தால் தேவலை. சாபம் விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் சவரியப்பனிடம், செருப்புத் தைக்கிறவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "வாங்கம்மா, காட்டுறேன்" என்றார். அதன் பிறகு எங்களிடம் வந்தவர்களுக்கெல்லாம் ரப்பரை உள்ளே ஒளித்துத் தைத்த செருப்புதான். நீல வார், சிவப்பு வார், பூப்போட்ட வார். அளவு ஒன்றும் தப்பவில்லை. புண்களும் குறைந்தன. அதைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசக்கூடக் கூப்பிட்டார்கள். யோசனை யாருடையது என்று கேட்டார்கள். சவரியப்பன் பெயரைச் சொன்னேன். அது யாரை விலையாகக் கொடுத்துக் கிடைத்தது என்பதைச் சொல்லவில்லை.

எட்டு வருடம் போனது. இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்களுக்கு நல்ல கட்டடம் கிடைத்தது. வாசலில் 'பாத சிகிச்சைப் பிரிவு' என்று பலகை தொங்கியது. ஒரு நாள் வீல் சேரில் ஒரு பெண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசம்தான் முதலில் வந்தது. முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

பாக்கியத்தின் வலது கால் கணுக்கால்வரை கறுத்திருந்தது. வீல் சேரைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் செல்வி. அவளுக்கு இப்போது எல்லாம் தெரியும். என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

"இவ்வளவு நாள் ஏன் வரல? திருப்பூர்லயே காட்டியிருக்கலாமே?" என்றேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது.

"அங்க போனா மொதல்லருந்து கதையச் சொல்லணுமேம்மா. எங்கதை தெரிஞ்ச டாக்டரு நீங்க ஒரு ஆளுதானே" என்றாள் பாக்கியம்.

முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வழியில்லை. எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறினேன். அவளே சொன்னாள்: "எடுத்துருங்க. திருப்பூர்ல எங்க தெருவுல ரெண்டு பேருக்குச் சர்க்கரையில காலெடுத்துருக்கு. அவுகள யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. வீடு தேடி வந்து பாத்துட்டுப் போறாக. எனக்கும் சர்க்கரைன்னு நெனச்சுக்கிருவாக."

முருகேசன் பற்றிக் கேட்டேன். லோடு ஏற்றும்போது மாரடைத்து இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

நானே அறுவைசிகிச்சை செய்தேன். வேறு யாரையாவது செய்யச் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கோழைத்தனமாவது என்னிடம் வேண்டாம் என்று நானே கத்தியை எடுத்தேன். நன்றாக ஆறியது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதினேன். நோயின் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பொய் எழுதிப் பழக்கமில்லை. உண்மையை எழுதிப் பார்த்தாயிற்று. கடைசியில், 'நரம்பு பாதிப்பால் பாதத்தில் உணர்ச்சி குறைந்து ஏற்பட்ட ஆறாத புண். பிறருக்குத் தொற்றாது' என்று எழுதினேன். செல்வி அதை வாங்கி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். பாக்கியம் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லியேம்மா?"

"இல்ல."

"அன்னிக்கும் இதையே எழுதியிருக்கலாம்ல?"

எழுதியிருக்கலாம். இரண்டே வரி. ஒவ்வோர் எழுத்தும் உண்மை. பொய் எழுதுவது, ஊரைக் கூட்டி உண்மை பேசுவது என்று இரண்டு வழிதான் இருப்பதாக நினைத்துக்கொண்டு எட்டு வருடம் என் நேர்மைக்காக நான் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒன்று என் பேனாவிலேயே இருந்தது. அதை நான் தேடவில்லை. ஏனென்றால் தேடுகிற அளவுக்கு அவளுடைய பிரச்சினை எனக்குப் பிரச்சினையாகத் தெரியவில்லை. என் கையெழுத்து சுத்தமாக இருக்க வேண்டும் என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஒரு நோயாளி உங்களிடம் பொய்ச் சீட்டுக் கேட்டால், கோபப்படுவதற்கு முன் அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். அந்தப் பயத்துக்கு மட்டும் பதிலாக, உண்மையில் எவ்வளவு எழுதினால் போதும் என்று யோசியுங்கள். மிச்ச உண்மை அவருடையது. அதை எடுத்து வெளியே போட உங்களுக்கு உரிமையில்லை. "வேண்டாம்" என்று ஒருவர் இரண்டு தடவை சொன்னால் அது இரண்டு "வேண்டாம்". ஒன்றுகூடக் கூச்சம் இல்லை.

அவளைக் கடைசியாகப் பார்த்தது இன்னும் இரண்டு வருடம் கழித்து. மதுரைக்குப் போகத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். எதிரே நாலைந்து பேர் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள்போல வந்துகொண்டிருந்தார்கள். நடுவில் பட்டுச்சேலையில் செல்வி, கழுத்தில் புதுத் தாலி. பக்கத்தில் மாப்பிள்ளை, மாமியார். கொஞ்சம் பின்னால் செயற்கைக் காலோடு, கம்பு ஊன்றாமல், பாக்கியம். எவ்வளவு அழகாக நடந்தாள் தெரியுமா? என்னை அறியாமல் கையைத் தூக்கிவிட்டேன்.

செல்விதான் முதலில் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பாக்கியமும் பார்த்தாள். நடை நிற்கவில்லை.

"யாரு, தெரிஞ்சவுகளா?" என்று மாமியார் கேட்டது எனக்குக் கேட்டது.

"இல்லியே. வேற யாரையோ கூப்புடுறாக போல" என்றாள் பாக்கியம்.

தூக்கிய கையை நான் இறக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல, "இந்தா, வாரேன்!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு, அவர்களைத் தாண்டி வேகமாக நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் பழனி பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பழனிக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன்.